பலகையில் அலை ஓடாது

மூன்றாவது முறையும் கைகள் வெளியே வரவில்லை. சுவரைக் காலால் உந்தி, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, நீரை வாரி இடுப்புவரை தள்ளியாயிற்று. அடுத்து இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீரைவிட்டு எழும்பி, பக்கவாட்டில் வீசி, முன்னால் போய் விழ வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது சிறகு விரிப்பதுபோல் தெரியும். என் கைகளோ தொடையோரத்தில் சேற்றில் புதைந்த மாதிரி நின்றுவிட்டன. தலையைத் தூக்கினேன், இடுப்பு இறங்கியது. கால்கள் தரையைத் தேடின. மூக்கில் ஏறிய குளோரின் தண்ணீர் நெற்றிப்பொட்டுவரை எரிய, மார்பளவு நீரில் நின்று இருமினேன்.

"அக்கா, பலம் போடாதீங்க," என்றார் பயிற்சியாளர். வயது இருபத்தைந்துகூட இருக்காது. "தலையை உள்ள விடுங்க. மார்பை அழுத்துங்க. கை தானா வரும்."

"தானா எப்படித் தம்பி வரும்?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த லேனுக்குப் போய்விட்டார். எனக்கு வயது நாற்பத்தொன்று. ஃப்ரீஸ்டைல் கற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆழமான பக்கத்தில் தரை ஓடுகள் மங்கத் தொடங்கும் இடத்தில் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்போடு பட்டாம்பூச்சி நீச்சல் கற்க வந்தவளுக்குக் 'கை தானாக வரும்' என்ற சொல் பெரிய புதிராக இருந்தது. அதற்கு விடை தேடப் போனேன். அது நீரின் இயற்பியலில் தொடங்கி, நம் மூளையில் போய் முடிந்தது.

விதியின் இடுக்கில் பிறந்தது

போட்டி நீச்சல்கள் நான்கில் பட்டாம்பூச்சிதான் கடைசியாகப் பிறந்தது. 1950களின் தொடக்கம்வரை அப்படி ஒரு தனி வகையே கிடையாது. மார்பு நீச்சலுக்கான அன்றைய விதிகள், இரண்டு கைகளும் ஒன்றாக முன்னே போக வேண்டும் என்று மட்டும் சொல்லின. நீருக்கு அடியில்தான் போக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அந்த இடுக்கை நீச்சல்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஜெர்மனியின் எரிக் ராடமாகர் 1920களின் பிற்பகுதியில் ஒருசில கைவீச்சுகளை நீருக்கு மேலாகக் கொண்டுவந்தார். 1933இல் அமெரிக்காவின் ஹென்றி மையர்ஸ், புரூக்ளினில் நடந்த மார்பு நீச்சல் பந்தயத்தில் இந்தக் கைவீச்சையே பயன்படுத்தி எதிராளியைத் திகைக்க வைத்தார். நீரை எதிர்த்துக் கையை முன்னே கொண்டுபோவதைவிடக் காற்றில் வீசிக் கொண்டுபோவது எவ்வளவோ எளிது.

கைக்குப் பொருத்தமான கால் வேறொரு இடத்தில் கிடைத்தது. அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேவிட் ஆர்ம்ப்ரஸ்டரும் அவருடைய மாணவர் ஜாக் சீக்கும் 1935 வாக்கில் ஒரு புதிய உதையைச் சோதித்தார்கள். கால்கள் இரண்டையும் ஒட்டவைத்து மீனின் வாலைப்போல் அசைக்கும் உதை அது. ஒவ்வொரு கைவீச்சுக்கும் இரண்டு உதை என்ற கணக்கையும் அவர்களே வகுத்தார்கள். வேகம் கூடியது. ஆனால் மார்பு நீச்சல் விதி தவளை உதையை மட்டுமே ஏற்றது. அதனால் ஏறத்தாழ இருபது வருடம், பட்டாம்பூச்சிக் கையும் தவளைக் காலும் கொண்ட ஒரு கலப்பு நீச்சல்தான் போட்டிகளில் ஓடியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மார்பு நீச்சல் போட்டியாளர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் நீந்தினார்கள். அதன் பிறகுதான் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு இரண்டையும் பிரித்தது. மீன்வால் போன்ற அந்த டால்பின் உதைக்கும் அனுமதி கிடைத்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பட்டாம்பூச்சி முதன்முறையாகத் தனிப் போட்டியானது. ஆண்கள் 200 மீட்டரில் வில்லியம் யோர்சிக்கும் பெண்கள் 100 மீட்டரில் ஷெல்லி மானும் தங்கம் வென்றார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் இதை 'டெல்ஃபின்' என்றே அழைப்பதுண்டு.

புதிதாகக் கற்பவருக்கு இந்த வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. இந்த நீச்சல் கையில் பிறந்தது. அலைபோன்ற உடலசைவு பிறகு வந்து சேர்ந்தது. கற்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் அலை, கடைசியில் கை. நான் கையிலிருந்து தொடங்கினேன். மாட்டிக்கொண்டேன்.

குடமும் தராசும்

காலிப் பிளாஸ்டிக் குடத்தை வாய் மேலே இருக்கும்படி பிடித்து, தொட்டித் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போனதும் கையை எதிர்த்துத் தள்ளும். இன்னும் அழுத்தினால் இன்னும் பலமாகத் தள்ளும். பிடியை விட்டால் எம்பிக் குதிக்கும். குடம் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னார். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அப்படியானால் நுரையீரலுக்குள் நாம் கூடுதலாக இழுக்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும், நீருக்குள் நமக்கு ஒரு கிலோ மிதப்பைக் கொடுக்கிறது.

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருக்கிறது. முழு மூச்சை இழுத்துக்கொண்டால் பெரும்பாலோர் மிதப்பார்கள். மூச்சை முழுக்க விட்டுவிட்டால் பலர் மெல்ல அமிழ்வார்கள். கேள்வி, நாம் மிதப்போமா என்பதைவிட, எந்தப் பக்கம் மிதக்கும் என்பதுதான். காற்று நிறைந்த குடம் மார்பில் இருக்கிறது. எலும்பும் தசையும் நிறைந்த கனம் இடுப்பிலும் கால்களிலும் இருக்கிறது. ஆகவே நீரில் கிடக்கும் உடல் ஒரு தராசு. மார்புத் தட்டு மேலே ஏறும். கால் தட்டு கீழே இறங்கும்.

இப்போது மார்பை வேண்டுமென்றே நீருக்குள் அழுத்தினால் என்ன ஆகும்? ஏறியிருந்த தட்டைக் கையால் அழுத்தியதுபோல் இடுப்பு மேலே எழும்பும். அழுத்தத்தை விட்டவுடன் குடம் எம்புவதுபோல் மார்பு எழும்பும்; இடுப்பு இறங்கும். பட்டாம்பூச்சி நீச்சலின் அடித்தாளம் இதுதான்: அழுத்து, விடு. கையும் காலும் இதன்மேல் அமைபவை.

தலையைத் தூக்கினால் கணக்கு முழுவதும் கெட்டுவிடுகிறது. மனிதத் தலை நான்கிலிருந்து ஐந்து கிலோ. நீருக்குள் இருக்கும்வரை அந்த எடையை நீர் சுமக்கிறது. வெளியே எடுத்த நொடியில் அந்தச் சுமை முழுவதும் உடலின்மேல் இறங்குகிறது. மார்பு தாழ்வதற்குப் பதிலாகக் கழுத்து நிமிர்கிறது, முதுகு வளைகிறது, கால்கள் சாய்ந்து இறங்குகின்றன. அப்படி இறங்கிய தொடைகள் நீரைக் கதவுபோல் மறிக்கின்றன. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. மறிக்கும் பரப்பு பெரிதானால் எதிர்விசையும் அந்த அளவுக்குப் பெருகும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். தலையைத் தூக்கியபடி இன்னும் பலமாகக் கையை வலிப்பவர், தானே மூடிய கதவைத் தானே முட்டுகிறார்.

பயம் முதலில் சொல்வது, 'தலையைத் தூக்கு'. நீர் சொல்வதோ, 'தலையைத் தாழ்த்து'.

சாட்டையின் நுனி

துவைத்த வேட்டியைக் கொடியில் போடுவதற்கு முன் உதறுவோம். கை சற்றே அசைகிறது. அந்த அசைவு துணி வழியாக ஓடி, மறுமுனையில் 'படார்' என்று ஒலிக்கிறது. வண்டிக்காரரின் சாட்டையும் அப்படித்தான். பிடிக்கும் பக்கம் தடித்தது, நுனி மெலிந்தது. தடித்த பக்கத்தில் கொடுத்த ஆற்றல் மெலிந்த பக்கத்தை அடையும்போது, நகர்த்த வேண்டிய நிறை குறைந்துவிடுவதால் வேகம் கூடிவிடுகிறது.

பட்டாம்பூச்சி நீச்சலில் நம் உடல்தான் சாட்டை. மார்பில் தொடங்கும் அசைவு வயிறு, இடுப்பு, தொடை, முழங்கால் வழியாக ஓடிப் பாதத்தில் உதையாக முடிகிறது. ராஸ் சாண்டர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் தேர்ந்த நீச்சல்காரர்களின் அசைவுகளைப் படம்பிடித்து அளந்து, 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடலின் மேற்பகுதியில் எழும் ஆற்றல் அலையாகக் கால்நோக்கிக் கடத்தப்பட்டு உதைக்கு உதவுகிறது என்பது அதன் சாரம். ஆக, உதை காலில் பிறப்பதில்லை. அது காலுக்கு வந்து சேர்கிறது.

ஓங்கில் என்று தமிழில் நாம் சொல்லும் டால்பின் இதற்கு நல்ல ஆசான். மீனின் வால் செங்குத்தாக நிற்கும்; அது உடலை இடமும் வலமும் வளைத்து நீந்தும். ஓங்கிலின் வால் படுக்கையாக இருக்கும். அது உடலை மேலும் கீழும் வளைத்து நீந்தும். காரணம் அதன் வம்சாவளி. ஓங்கில் பாலூட்டி. அதன் மூதாதைகள் தரையில் நான்கு காலில் திரிந்தவை. பாய்ந்தோடும் நாயின் முதுகெலும்பு எப்படி மேலும் கீழும் வளைகிறதோ, அதே வளைவைத்தான் ஓங்கில் கடலுக்குக் கொண்டுபோனது. நாமும் பாலூட்டிகள்தாம். நம் முதுகும் பக்கவாட்டைவிட முன்பின்னாக நன்றாக வளையும். டால்பின் உதை நமக்கு அந்நியமானதல்ல என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. 1936இல் ஜேம்ஸ் கிரே என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஓங்கில் போகும் வேகத்துக்கு அதன் தசை வலிமை போதாதே என்று வியந்தார். இந்தப் புதிரை அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள். 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஓங்கில்களை நுண்குமிழித் திரை ஒன்றின் ஊடாக நீந்தவிட்டு, வால் தள்ளும் நீரின் சுழற்சியை அளந்தார்கள். ஓங்கிலுக்குத் தேவையான வலிமை உண்மையாகவே இருக்கிறது என்று தெரிந்தது. அதன் வால்துடுப்பின் மடல்களில் எலும்பு இல்லை. வளைந்து கொடுக்கும் இழைகளாலான அகன்ற துடுப்பு அது. நமக்கு அந்த வலிமையும் இல்லை, அந்த வாலும் இல்லை. இரண்டு பாதங்கள்தாம் உண்டு. ஆகவே நமக்குக் கைகொடுக்கக்கூடியவை இரண்டு: கணுக்காலின் நெகிழ்வு, அசைவின் நேரம். வஜ்ராசனத்தில் அமர்ந்து பழகியவர்களுக்குப் பாதம் பின்னோக்கி நீள்வது எளிதாக இருக்கும். பாதத்துடுப்புகளான ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு பழகினால், அலை பாதத்தை வந்தடையும் உணர்வு முதல் நாளே கிடைத்துவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் முழங்காலை மடக்கி உதைக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். சைக்கிள் பெடலை மிதிப்பதுபோல் இருக்கும். அலை முழங்காலை வந்தடையும் முன்பே கால் தன் வேலையை முடித்துவிடும். சாட்டையின் நுனியை மட்டும் கையில் பிடித்து வீசினால் ஒலி எப்படி வரும்?

ஆறு கிலோவைத் தூக்குவது யார்?

இனி என் புதிருக்கு வருகிறேன். கைகள் ஏன் வெளியே வரவில்லை?

ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஐந்து சதவீதம். என் எடை 62 கிலோ. இரண்டு கைகளும் சேர்ந்து ஆறு கிலோவுக்கு மேல். நீருக்குள் இருக்கும்போது அந்த எடை தெரியாது. வெளியே எடுக்கும்போது முழு எடையும் கூடிவிடும். ஃப்ரீஸ்டைலில் ஒரு கை வெளியே வரும்போது மறுகை நீரைப் பற்றியிருக்கும். உடலும் பக்கவாட்டில் உருண்டு இடம் கொடுக்கும். பட்டாம்பூச்சியில் இரண்டு கைகளும் ஒன்றாக வெளியேறுகின்றன. பற்றிக்கொள்ள மறுகை இல்லை. அந்த நொடியில் ஆறு கிலோவையும் உடலையும் தாங்கப்போவது யார்?

இரண்டாம் உதை. கைகள் முன்னால் நீரில் நுழையும்போது ஓர் உதை; கைகள் நீரைத் தள்ளி இடுப்பைக் கடக்கும்போது இன்னோர் உதை. முதல் உதை இடுப்பை உயர்த்தி உடலை முன்னே செலுத்துகிறது. இரண்டாம் உதை, கைகள் வெளியேறும் நேரத்தில் உடல் அமிழாமல் தாங்குகிறது. அதே நேரத்தில், முன்னே அழுத்தியிருந்த மார்பு குடம்போல் எம்பி வருகிறது. தோள் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் கைகளுக்குத் தடையே இல்லை. சுண்டுவிரல் முதலில் வெளிவர, தளர்ந்த கைகள் நீரை ஒட்டினாற்போல் வீசி முன்னே போய்விடும். பயிற்சியாளர் 'தானா' என்று சொன்ன ஒற்றைச் சொல்லுக்குள், குடத்தின் எம்பலும் சாட்டையின் நுனியும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இந்தச் சந்திப்பு அடங்கியிருந்தது. என்னிடம் இரண்டாம் உதையே இல்லை. தலை தூக்கியிருந்ததால் மார்பு எம்பவும் இல்லை. தோள் தசையால் மட்டும் ஆறு கிலோவை நீரைக் கிழித்துத் தூக்கப் பார்த்தேன்.

நேரம் தப்பினால் செலவாகும் ஆற்றலும் மிக அதிகம். பட்டாம்பூச்சியில் ஒவ்வொரு சுற்றிலும் உடல் வேகமெடுக்கும், பிறகு தளரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கிளம்பும் டவுன் பஸ்ஸுக்கு டீசல் கூடுதலாகச் செலவாவதுபோல், வேகத்தின் இந்த ஏற்ற இறக்கத்துக்கு உடல் விலை கொடுக்கிறது. உடல் உழைப்புகளின் ஆற்றல் செலவைப் பட்டியலிடும் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்தால், பொழுதுபோக்காக மார்பு நீச்சல் அடிப்பதற்கு 5.3, பட்டாம்பூச்சிக்கு 13.8. நான் ஒரு நீளத்தில் மூச்சிரைத்து நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்த எண் ஆறுதல் சொன்னது.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் நேரம்தான் எல்லாமே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் மைக்கேல் பெல்ப்ஸ் 50.58 நொடியிலும் செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59 நொடியிலும் சுவரைத் தொட்டார்கள். சாவிச் கடைசியில் கைகளை நீட்டி மிதந்து போனார். பெல்ப்ஸ் இன்னொரு கைவீச்சைப் போட்டார். நூறில் ஒரு பங்கு நொடியில் தங்கம் முடிவானது. நெய்வேலியில் வளர்ந்து அங்கேயே நீச்சல் கற்ற சஜன் பிரகாஷ், கழுத்துக் காயத்தால் மாதக்கணக்கில் நீரைப் பிரிந்திருந்து மீண்டவர். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டாம்பூச்சியை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெறும் அப்போதைய 'ஏ' அளவு 1 நிமிடம் 56.48 நொடி. அந்த அளவை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். பத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளி.

மூச்சை விடு

நீருக்குள் முகம் போனதும் நான் மூச்சை இறுகப் பிடித்துக்கொள்வேன். கையில் இருக்கும் காசைப் பொத்திக்கொள்வதுபோல் அது இயல்பாக வந்துவிடும். பயம் இடும் இரண்டாவது கட்டளை, 'மூச்சைப் பிடி'.

ஆனால் மூச்சுக்காக நம்மைத் தவிக்க வைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல. கார்பன் டை ஆக்சைடு தேங்குவது. இரத்தத்தில் அது ஏற ஏற, மூளைத்தண்டில் உள்ள உணர்விகள் 'வெளியேற்று' என்று முரசறைகின்றன. மூச்சைப் பிடித்தவருக்கு ஆக்சிஜன் இருக்கும்போதே தவிப்பு வந்துவிடும். பட்டாம்பூச்சியில் வாய் நீருக்கு வெளியே இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் பழைய காற்றை வெளியே விட்டுப் புதியதை இழுப்பது நடக்காது. ஆகவே நீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே வர வேண்டும். வெளியே வந்ததும் இழுப்பது ஒன்றே வேலை. மோவாய் நீரைத் தொட்டபடி முன்னே நகர வேண்டும். கண் கீழ்நோக்கியே இருக்கட்டும். கைகள் முன்னால் விழுவதற்குள் தலை உள்ளே போய்விட வேண்டும்.

இன்னொன்றையும் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. மார்பளவு, கழுத்தளவு நீரில் நிற்கும்போதே மூச்சு இழுப்பது சற்றுக் கடினமாகத் தெரியும். நீரின் அழுத்தம் விலாக்கூட்டைச் சுற்றிலும் நெருக்குவதுதான் காரணம். இறுக்கம் உணர்ந்தால் அது கோழைத்தனமில்லை, இயற்பியல். உடல் நமக்கு உதவவும் செய்கிறது. முகம் குளிர்ந்த நீரில் பட்டதும் முகநரம்புகள் வழியே செய்தி போய் இதயத்துடிப்பு மெல்லத் தணிகிறது. சீல்களிலும் திமிங்கிலங்களிலும் வலுவாக இருக்கும் இந்தப் பண்பு மனிதரிடமும் கொஞ்சம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. உள்நீச்சலில் நெடுநேரம் இருக்கலாம் என்று நீந்துவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விடுவது ஆபத்தானது. அது கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து, முரசு ஒலிக்காமல் செய்துவிடும். தவிப்பே தெரியாமல் நீருக்குள் மயங்கிப்போனவர்கள் உண்டு.

பயம் தசையில் என்ன செய்கிறது

மூன்றாவது கட்டளை, 'உடலை இறுக்கு'. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா பகுதி கணித்ததும் அட்ரினலின் பாய்கிறது. இதயம் விரைகிறது. மூட்டுக்கு இருபுறமும் உள்ள எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. வழக்கமாக ஒன்று சுருங்கினால் மற்றது தளரும். அப்போதுதான் மூட்டு அசையும். இரண்டும் இறுகினால் உடல் பலகையாகிறது. பலகையில் அலை ஓடாது.

சோவியத் உடலியங்கியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், 1920களில் சம்மட்டி அடிக்கும் தொழிலாளர்களின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். உடலில் எத்தனையோ மூட்டுகள், ஒவ்வொன்றும் எத்தனையோ திசையில் அசையக்கூடியவை. இத்தனையையும் மூளை எப்படி ஆள்கிறது என்பது அவர் கேள்வி. புதிதாக ஒன்றைக் கற்பவர் சிக்கலைக் குறைப்பதற்காகப் பல மூட்டுகளை இறுக்கிப் பூட்டிவிடுகிறார் என்றும், தேர்ச்சி வர வர ஒவ்வொன்றாகத் திறக்கிறார் என்றும் அவர் விளக்கினார். சைக்கிள் பழகும் குழந்தை ஹேண்டில்பாரை இறுகப் பற்றி விறைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பூட்டு கற்றலின் முதல் படி, அதில் தவறில்லை.

தரையில் பயத்தின் மூன்று கட்டளைகளும் சரியானவை. தடுக்கி விழப்போனால் தலையைத் தூக்குவதும் மூச்சைப் பிடிப்பதும் உடலை இறுக்குவதும் நம்மைக் காக்கும். நீரில் மட்டும் மூன்றும் தலைகீழாகிவிடுகின்றன. தலையைத் தாழ்த்து, மூச்சை விடு, உடலைத் தளர்த்து என்கிறது நீர். பட்டாம்பூச்சி நீச்சலில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஏமாற்ற முடியாது. ஃப்ரீஸ்டைலில் தலையைத் தூக்கிக்கொண்டும் எப்படியோ கரைசேர்ந்துவிடலாம். இதில் கை வெளியே வரவே வராது. இந்த நீச்சலைப் பலசாலிகளுக்கானது என்று ஒதுக்கிவைப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: பலத்துக்கு முன்பாக இது கேட்பது நம்பிக்கையை. நீர் தாங்கும் என்று உடலுக்கே தெரிய வேண்டும்.

அந்த நம்பிக்கையை அறிவுரையால் ஊட்ட முடியாது. பயம் தணிவது பழைய நினைவு அழிவதால் அல்ல; பாதுகாப்பான புதிய அனுபவங்கள் அதன்மேல் ஒரு புதிய பாடத்தை எழுதுவதால் என்று நரம்பியல் சொல்கிறது. ஆகவே குதித்துப் பயத்தை உடைக்கும் வழி எல்லோருக்கும் பொருந்தாது. காலூன்ற முடிகிற ஆழத்தில், சிறுசிறு அளவில், பலமுறை செய்வதே வழி.

நான் ஏறிய படிகள்

முதல் வாரம் நான் நீந்தவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை நீரில் வைத்து, பத்து எண்ணும்வரை குமிழி விட்டேன். பிறகு கைகளை நீட்டிக் குப்புற மிதந்தபடி, மார்பை மட்டும் ஒரு கையளவு அழுத்தி விட்டேன். இடுப்பு தானே எழும்புவதை முதன்முதலாக உணர்ந்தது அப்போதுதான். குடத்தை அழுத்தும் அதே எதிர்ப்பு, அதே எம்பல்.

இரண்டாம் வாரம் கைகளை உடலோடு ஒட்டவைத்துக்கொண்டு அலை மட்டும். உதைக்க வேண்டும் என்ற நினைப்பையே விட்டுவிடச் சொன்னார் பயிற்சியாளர். மார்பு, இடுப்பு, கால் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாம் வாரம் ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு, கைகளை முன்னே நீட்டி அதே அலை. நான்காம் வாரம் ஒற்றைக் கைப் பட்டாம்பூச்சி: ஒரு கை முன்னே நீண்டிருக்க, மறுகை மட்டும் சுற்றிவரும், மூச்சு பக்கவாட்டில். உதையின் நேரத்தைப் பிடிக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. 'உள்ளே உதை, வெளியே உதை' என்று அவர் கரையில் நின்று கைதட்டுவார்.

ஐந்தாம் வாரம்தான் இரண்டு கைகள். அதுவும் மூன்றே வீச்சு. பிறகு எழுந்து நின்றுவிட வேண்டும். களைத்த பின் செய்யும் வீச்சு தவறான நேரத்தையே உடலுக்குக் கற்பிக்கும்; தோள்மூட்டுத் தசைநாண்களையும் உரசி வருத்தும். தோளில் குத்தும் வலி வந்தால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிய வேண்டும். ஐம்பது மீட்டர் தத்தளிப்பதைவிட மூன்று வீச்சு சரியாகப் போடுவது மேல். மிச்சத்தை உறக்கம் பார்த்துக்கொள்ளும். பகலில் பழகிய அசைவை மூளை இரவில் உறுதிப்படுத்துகிறது. முந்தின நாள் வராத ஒன்று மறுநாள் காலை சற்று இலகுவாக வருவதைப் பலமுறை கண்டேன்.

அப்படி ஒரு காலை. சுவரை உந்தினேன். மார்பை அழுத்தினேன், இடுப்பு எழுந்தது. கைகள் நீரைப் பற்றி உடலுக்கடியில் வந்து இடுப்பைக் கடந்தன. அந்த இடத்தில் அலை பாதத்தை வந்தடைந்து நீரைத் தட்டியது. தோள்மேல் காற்றுப் பட்டது. அடுத்து நான் உணர்ந்தது, கைகள் ஏற்கெனவே முன்னால் கிடந்ததைத்தான். தூக்கிய நினைவே இல்லை. இரண்டாவது வீச்சும் வந்தது. மூன்றாவதில் மூச்சு இழுக்கும்போது அவசரப்பட்டுத் தலையைத் தூக்கிவிட்டேன், கால்கள் இறங்கின, நின்றுவிட்டேன்.

"தானா வந்துச்சா அக்கா?" என்றார் கரையிலிருந்து.

"தண்ணி தூக்கிக் கொடுத்துச்சு தம்பி," என்றேன்.

நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. ஆழமான பக்கத்தில் ஓடுகள் இன்றும் மங்கலாகத்தான் தெரிகின்றன. முகத்தை நீரில் வைத்து, பத்து எண்ணும்வரை குமிழி விட்டேன். படபடப்பு தணிந்ததும் சுவரை உந்தி, மார்பை அழுத்தினேன்.